திங்கட்கிழமைக் கோழியும் உருண்டைக் குழம்பும்

எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அப்பா டிபன் பாக்ஸைத் திறந்தார், உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கோழி எழுந்து நின்றது, இறகில் ஒட்டியிருந்த குழம்பை உதறியது, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பக்கக் கண்ணால் பார்த்துவிட்டு மரகதம் அக்காவின் சோற்றை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனது. மரகதம் அக்கா ஓவர்லாக் டெய்லர், உசிலம்பட்டிப் பக்கம், நான் அவருக்குக் கைமடி, அதாவது அவர் தைக்கத் தைக்கத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்குகிற வேலை. அக்கா சொன்னது ஒன்றுதான்.

"அண்ணே, ஒங்க கோழி என் சோத்த மிதிச்சிருச்சு. வேற சோறு போடுங்க."

அப்பா தன் சோற்றில் பாதியை எடுத்து வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த கறி மீந்து திங்கட்கிழமை பாக்ஸில் வருவது திருப்பூரில் எல்லா பனியன் கம்பெனியிலும் உள்ளதுதான், அதனால் அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு ஷெட்டில் மூடி திறந்த இடமெல்லாம் கோழி எழுந்தது. கட்டிங் மாஸ்டர் தனபாலு பாக்ஸிலிருந்து ஒரு கிடா வந்தது, அவ்வளவு சின்ன பாக்ஸிலிருந்து எப்படி என்று கேட்கக் கூடாது, முதலில் கொம்பு வந்தது, அப்புறம் மீதி வந்தது. செக்கிங்கில் இருக்கிற இரண்டு பேர் ஒரே கடையில் ஒரே கோழியில் பங்கு வாங்கியிருந்தார்கள் போல, ஒருத்தி திறந்ததும் கோழி வந்தது, இன்னொருத்தி திறந்தபோது வெறும் பாக்ஸ், கழுவித் துடைத்த மாதிரி இருந்தது, அவள் அன்றைக்கு முழுக்க அந்தக் கோழியையும் இவளையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மீன் கொண்டுவந்தவர்கள் பாக்ஸோடு தண்ணீர்த் தொட்டிக்கு ஓட வேண்டியதாயிற்று. முட்டையில் ஒரு வித்தியாசம் தெரிந்தது, கடையில் அட்டை அட்டையாக விற்கிற முட்டை பேசாமல் முட்டையாகவே கிடந்தது, நாட்டுக்கோழி முட்டை மட்டும் கத்தியது.

இது எதனால் என்று யாரும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. முதலாளி ஒரு ஜோசியரைக் கூட்டிவந்தார், ஜோசியர் ஷெட்டைச் சுற்றி வந்து, மேற்கு மூலையில் இருந்த பாத்ரூமை இடிக்கச் சொன்னார், இடித்தார்கள், அப்புறமும் கோழி எழுந்தது, பாத்ரூம் இல்லாமல் எங்களுக்குத்தான் கஷ்டம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்காக ஆடிட் பண்ண வந்தவர்கள் மெஷின்களுக்கு நடுவில் கோழி திரிவதைப் பார்த்து என்ன இது என்று கேட்டார்கள், தொழிலாளர்களின் சாப்பாடு என்று முதலாளி உண்மையைத்தான் சொன்னார், அவர்கள் தலையாட்டிவிட்டுத் தீயணைக்கிற சிலிண்டரைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வந்தவர்கள் கறி கொண்டுவந்து திறந்து பார்த்தார்கள், கறியாகவே இருந்தது, உட்கார்ந்து தின்றார்கள். ஆக, ஞாயிறு அதற்கும் லீவு.

இன்னொன்றைத் தனபாலு கண்டுபிடித்தார். கிடாவை வீட்டுக்கு ஓட்டிப் போகலாம் என்று கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார், கேட்டின் இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டியதும் கயிறு தொங்கிப் போனது, ரோட்டில் சுடச்சுடக் கறிக்குழம்பு ஊற்றிக் கிடந்தது, கேட்டில் படுத்திருக்கிற நாய்க்கு அன்று நல்ல நாள். கேட்டுக்கு உள்ளே உயிர், வெளியே குழம்பு. எத்தனை நாள் கழித்துக் கொண்டுபோனாலும் கெட்டுப்போகவில்லை, திங்கட்கிழமைக் கோழி வியாழக்கிழமையும் அதே சூட்டில் அதே குழம்புதான். அப்புறம் தனபாலு மாதிரிச் சில பேர் மத்தியானம் மணி அடித்ததும் கோழியைக் கக்கத்தில் இடுக்கி, அதன் வயிற்றுக்குக் கீழே பாக்ஸைத் திறந்து பிடித்தபடி கேட்டைத் தாண்டி, ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கட்டைக்கு நேர் எதிரில் ஒயின் ஷாப்.

எனக்குக் கவலை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா பெயர் பொன்னுரங்கம், அயர்ன் மாஸ்டர், ஆவி பறக்கிற டேபிள் முன்னால் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற வேலை. போன தைப்பொங்கல் நோன்பிக்கு அப்புறம் குடியைத் தொடவில்லை. அதற்கு முன்னால் மத்தியானத்தில்தான் குடிப்பார், சாப்பிட வெளியே போகிறேன் என்று போய், திரும்பி வந்து ஒரு பனியனைச் சுட்டு, ஒரு தடவை கையையும் சுட்டுக்கொண்டார். அவர் குடித்ததைவிட மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தது அதிகம் என்று அம்மா சொல்லும். "அந்த மனுசனுக்கு யாருக்காச்சும் எதையாச்சும் எடுத்து நீட்டீட்டே இருக்கோணும்" என்று சொல்லிச் சொல்லி அழும். குடியை விட்டபோது அம்மா செய்த வைத்தியம் ஒன்றே ஒன்று, தினமும் பாக்ஸில் ஏதாவது கவுச்சி வைத்து, அவரைக் கேட்டுக்கு உள்ளேயே உட்கார வைத்தது. அம்மாவுக்கு மில்லில் நைட் ஷிப்ட், விடிந்து வந்து படுத்துவிடும், ஆகவே சமைத்துக் கட்டுவது நான். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள், உட்கார்ந்து கேட்கப் பொறுமை இல்லை, பெரிய சோகமெல்லாம் ஒன்றும் இல்லை, அடுப்பிலும் எனக்குப் பொறுமை இல்லை. கோழி எழுந்த அன்றைக்கு அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ என்னத்தச் செய்வியோ எனக்குத் தெரியாது, உங்கப்பன் மத்தியானத்துல கேட்டுக்கு வெளிய போகக் கூடாது" என்றது, அப்புறம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டது.

முதல் வாரம் கம்பெனி முழுக்கத் தயிர்சாதமும் எலுமிச்சம்பழச் சாதமும்தான். மூன்று மணிக்கெல்லாம் எல்லோருக்கும் கண் உள்ளே போய்விட்டது, தையல் கோணிக்கொண்டு போனது, செக்கிங்கில் ஆல்டர் ஆல்டர், பிரித்துத் தை என்று பீஸ்கள் மலையாகக் குவிந்து திரும்பி வந்தன, நான்கு மணி டீக்கு பன் பத்தாமல் சண்டை நடந்தது. அப்புறம்தான் கம்பெனி யோசிக்க ஆரம்பித்தது, அது யோசித்த மாதிரி எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒருநாளும் யோசித்ததில்லை. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, எது வயிற்றில் நிற்கும், எது நிற்காது என்று பேசினார்கள், உருளைக்கிழங்கு பொய் சொல்லும் என்றார் மரகதம் அக்கா, தின்னும்போது நிறைந்த மாதிரி காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் கைவிட்டுவிடுமாம், மொச்சை சொன்ன சொல் தவறாதாம், தட்டப்பயிறும் கத்திரிக்காயும் சேர்ந்தால் டீ வரைக்கும் தாங்குமாம், சேனைக்கிழங்கை மீன் மாதிரி மசாலா தடவி வறுத்தால் கண்ணும் ஏமாறுமாம், நாக்கும் ஏமாறுமாம். தஞ்சாவூர்க்காரர்களும் தேனிக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் அடுத்தவர் பாக்ஸை எட்டிப் பார்த்து, அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய் விட்டால் எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று விசாரித்தார்கள். எங்கள் லைன் வீடுகளில் சாயங்காலமானால் வாசலுக்கு வாசல் ஏனத்தில் பயிறு ஊறியது, ஊறுகிற பயிறு முட்டி முட்டி மூடியைத் தூக்குகிற சத்தம் வரிசையாகக் கேட்டது, யார் வீட்டில் நாளைக்கு என்ன என்பது தெருவுக்கே தெரிந்தது. கொள்ளு மட்டும் ஒரு வாரத்தோடு கம்பெனியில் தடையானது, பேக்கிங் ரூமில் ஜன்னல் கிடையாது, காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மெல்ல மெல்லப் பீஸ்கள் திரும்பி வருவது நின்றது. கோழிகள் நூல் கோன் பெட்டிகளில் அடைகாத்தன, யாரும் அவற்றை ஒரு விஷயமாகப் பேசவில்லை.

அப்பாவின் கோழி அயர்ன் டேபிளுக்குக் கீழே குடிவந்துவிட்டது, ஆவிக்கு அங்கே கதகதப்பு. அப்பா அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை, காலில் பட்டால் நகர்ந்து நிற்பார், அவ்வளவுதான். அதை வெளியே தூக்கிப்போய்த் தின்னவும் இல்லை. இரக்கம் என்று நினைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கறி எடுத்தோம், இரண்டாவது தடவை சோறு வாங்கித்தான் சாப்பிட்டார். நான் வேலை செய்வதை இந்தக் கோழி பார்த்துவிட்டது, இதை எப்படித் தின்பது என்றார், அது என்ன காரணமோ.

நான் செய்ததைச் சொல்கிறேன். பச்சைப்பயிறு கடைந்து வைத்தேன், நன்றாக இருக்கிறது என்று பாதி வைத்தார். மொச்சைக் குழம்பு வைத்தேன், நன்றாக இருக்கிறது என்று பாதி வைத்தார். சேனைக்கிழங்கை வறுத்து, உதிர்த்து, சோற்றில் புரட்டி வைத்தேன், மீல்மேக்கரைக் கொத்துக்கறி மாதிரிக் கொத்தி வைத்தேன், தட்டப்பயிறைக் குழைய வேகவைத்துக் கறி மசாலா போட்டு வைத்தேன், எல்லாவற்றுக்கும் அதே பதில், அதே பாதி. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மிச்சம் வைக்கிறவர்களை எனக்குத் தாங்காது. சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டைப் பார்ப்பார். ஷெட்டிலிருந்து கேட் நேராகத் தெரியும். அந்தப் பக்கம் கட்டையில் உட்கார்ந்து தனபாலு கை காட்டுவார். அப்பா கை காட்ட மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான்.

தனபாலு ஒருநாள் டேபிளுக்கே வந்து குனிந்து பார்த்தார். "மாமா, குழம்பு காலடியில நிக்குது, நீங்க பயித்தத் தின்னுட்டு நிக்கறீங்க. தூக்கீட்டு வாங்க, நாலு பேரு சேந்து சாப்பிடலாம்." அந்த நாலு பேர் என்ற இடத்தில் அப்பாவின் கை அயர்ன் பாக்ஸ் மேல் ஒரு நிமிஷம் நின்றதை நான் பார்த்தேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கேட்டைத் தாண்டினார். கோழி இல்லாமல், வெறுங்கையோடு. திரும்பி வந்தபோது நான் நேராகப் போய் முகத்துக்குப் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தேன், கன்னா பின்னாவென்று கோபம் எனக்கு. சோடாதான் அம்மிணி என்றார். சோடா வாசனைதான். ஆனால் மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள், சனிக்கிழமை சோடா சோடாவாக நிற்காது.

அன்று சாயங்காலம் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒன்றை நினைத்துக்கொண்டேயிருந்தேன். அந்த மத்தியானம் வெளியே போவதற்கு முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பழக்கத்தில் பக்கத்து ஆளின் மூடியைத் தன் பக்கம் இழுத்தார், கரண்டியைத் தூக்கினார், பாக்ஸுக்குள் பார்த்தார், மறுபடி வைத்துவிட்டார். ஷெட்டில் ஒரு முறை உண்டு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மூடியை மல்லாத்தி நீட்டுவார்கள், பாக்ஸ்காரர் தன் கையால் எடுத்து வைப்பார், அவர் வைக்காமல் யாரும் இன்னொருத்தர் பாக்ஸில் கை விட மாட்டார்கள். கறி வந்த காலத்தில் அப்பா துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு மூடியாக வைத்து, இது ஈரல், இது நெஞ்செலும்பு என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தனக்குக் குழம்பும் எலும்பும் வைத்துக்கொண்டு பாக்ஸை வழித்துச் சாப்பிடுவார். இப்போது நான் கட்டிக் கொடுத்ததெல்லாம் கடைசல், மசியல், புரட்டல், எடுத்து வைக்க ஒரு துண்டு கிடையாது. எல்லோர் பாக்ஸிலும் அதே கடைசல் இருக்கிறது, யார் மூடியை நீட்டுவார்கள். இத்தனை நாளும் நான் அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை, அம்மா அழுது அழுது சொன்னது அதைத்தான், எனக்கு என்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் ஊறப்போட்டேன். விடியற்காலையில் எழுந்து சோம்பும் வரமிளகாயும் சேர்த்துக் கொறகொறப்பாக அரைத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நறுக்கிப் போட்டுப் பிசைந்து உருட்டினேன். குழம்புக்கு அம்மாவின் கறி மசாலாவேதான், மிளகும் மல்லியும் தேங்காயும் வறுத்து அரைத்தது. குழம்பு கொதிக்கும்போது உருண்டைகளைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும், கரண்டி போடக் கூடாது. நான் போட்டேன். மொத்தமும் உடைந்து கூழாகிப் போனது. சட்டியைத் தூக்கி வெளியே வீசலாம் போலிருந்தது, வீசவில்லை, மீதிப் பருப்பை மறுபடி உருட்டி, மறுபடி போட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், உருண்டைகள் அடியில் கிடந்து, அசைந்து, யோசித்து, ஒன்றொன்றாக மேலே வந்தன. பள்ளிக்கூடத்தில் இப்படி நின்றிருந்தால் பாஸ் ஆகியிருப்பேன்.

சனிக்கிழமை மணி அடித்ததும் அப்பா குனிந்தார், கோழியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கினார், ஷெட்டைத் தாண்டி நடந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நான் ஒருத்தர் பின்னால் ஓடுகிற ஆள் இல்லை. நேராக ஷெட்டுக்குப் போனேன், அப்பா உட்காருகிற இடத்தில் அவர் பாக்ஸை வைத்து மூடியைத் திறந்தேன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வாசனை வட்டத்தைச் சுற்றி வந்தது. தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தினார். ஒரு மூடி மல்லாந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் எல்லாம். செக்கிங் பிள்ளைகள் இரண்டு பேரும், ஒரே கோழிக்குச் சண்டை போட்டவர்கள், மூடியை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் கரண்டியைத் தொடவில்லை. என் பாக்ஸ் இல்லையே. மரகதம் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, கேட்டைப் பார்த்து, மெஷினையே அடக்குகிற குரலில் கூப்பிட்டார்.

"அண்ணே, பாக்ஸத் தெறந்து வச்சுட்டு எங்க போறீக? மூடிய நீட்டிக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருக்கறது?"

அப்பா கேட்டில் நின்றிருந்தார். ஒரு கால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, கோழியின் வால் இறகும் அந்தப் பக்கம் போயிருந்தது, அதிலிருந்து எண்ணெய் சொட்டியது, தனபாலு கீழே பாக்ஸைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். ரோட்டில் வழக்கம்போல ஆட்கள் ஒயின் ஷாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"யாரு தெறந்தது?"

"ஒங்க மக."

"என்ன வெச்சிருக்குது?"

"உருண்டைக் கொழம்பு. எங்களுக்குக் குடுக்க ஆளில்ல."

அப்பா வட்டத்தில் நீட்டியிருந்த மூடிகளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார், நான் உருண்டைகளைப் பார்த்தேன், பத்துமா என்றுதான் எனக்கு இருந்தது. அப்புறம் தனபாலிடம், "இரு மாப்ள, சோத்துக்கு ஆளுக உக்காந்திருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் காலை உள்ளே எடுத்து வைத்தார். கோழியை இறக்கி விட்டார், அது வாலை உதறிவிட்டு அயர்ன் டேபிளைப் பார்த்து நடந்தது. அப்பா குழாயில் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவின மாதிரி எனக்குத் தோன்றியது, வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

ஒவ்வொரு மூடியாக வைத்தார். உடையாமல் எடுத்து, மேலே கொஞ்சம் குழம்பை ஊற்றி, இது உங்களுக்குப் பெருசு, இது கொஞ்சம் காரம் பாத்துத் தின்னுங்க என்று பருப்புருண்டையில் ஈரலும் நெஞ்செலும்பும் கண்டுபிடித்துச் சொல்லிச் சொல்லி வைத்தார். யாருக்கு வரவில்லை, யாருக்கு வரவில்லை என்று இரண்டு தடவை கேட்டார். கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தார், அவருக்கும் வைத்தார். நான் என் மூடியை நீட்டினபோது பாக்ஸில் குழம்புதான் இருந்தது.

"தீந்து போச்சு அம்மிணி" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.

அவர் சோற்றைப் பாக்ஸிலேயே போட்டுப் பிசைந்து, ஓரமெல்லாம் விரலால் வழித்து, மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எனக்கு நான்கு மணிக்கே பசித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், வெறும் குழம்புச் சோறு எத்தனை நேரம் நிற்கும்.

சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேட்டைத் தாண்டினோம், அப்பா என் பக்கம் நடந்தார், ரோட்டின் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்த்தார், நடந்தார். லைன் வீட்டுக்குத் திரும்புகிற முக்கில் மெல்லச் சொன்னார்.

"திங்கக்கெழமைக்குக் கொஞ்சம் சேத்திப் போடு. தனபாலு தனியா உக்காந்திருந்தான், அவனுக்கு ரெண்டு வெக்கோணும்."

"அரைக்கறது யாருங்க?"

"நான் அரைக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தோம், தின்றோம், மீதி வைக்கவில்லை. சாயங்காலம் அப்பா கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து பருப்பைத் தள்ளித் தள்ளி விட்டார், அம்மா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் வெங்காயம் மட்டும் நறுக்கி வைத்துவிட்டுப் போனது. அப்பா உருட்டி உருட்டித் தாம்பாளத்தில் அடுக்கினார். எல்லாம் ஒரே அளவு, ஓரத்தில் ஒன்று மட்டும் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகத் தனியாக இருந்தது. இது யாருக்கு என்றேன்.

"நேத்து ஒருத்திக்கு இல்லாமப் போச்சு, அவளுக்கு மொதல்லயே எடுத்து வெச்சுட்டேன்."

"இவ்வளவு பெருசா உருட்டினா உள்ள வேகாதுங்கப்பா" என்றேன். அப்பா அதை உடைக்கவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் போய் நின்றேன்.